மொசைக் டைல்ஸ்: பெயர்த்தெடுக்காமல் ஒரே தடவையில் ஒட்ட ஒரு வழிகாட்டி

வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும் சுவர். இரண்டு சதுர மீட்டர்கூட வராது. சனிக்கிழமை காலை ஆரம்பித்தால் ஞாயிறு மாலைக்குள் மொசைக் ஒட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடித்தும் விட்டேன். திங்கள் இரவு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கைப் போட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. ஒவ்வொரு ஷீட்டும் தனித்தனிச் சதுரமாகத் துருத்திக்கொண்டு நின்றது. இளநீலக் கண்ணாடிச் சில்லுகள் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தன. உற்றுப் பார்த்தால் சில்லுகளுக்குப் பின்னால், பசை தடவிய கரண்டியின் பல் தடம் வரிவரியாகத் தெரிந்தது.

மூன்று வாரம் பார்த்தேன். பொறுக்க முடியாமல் உளி வைத்துப் பெயர்த்தேன். பூச்சும் கூடவே வந்தது. இரண்டாவது முறை அதே சுவருக்கு 12 நாள் எடுத்துக்கொண்டேன். அதில் கை வேலை என்று பார்த்தால் 15 மணி நேரம்கூட இராது. மீதியெல்லாம் காத்திருப்பு. முதல் முறை நான் விட்டது அந்தக் காத்திருப்பைத்தான்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் துகள்களைச் சிமெண்டில் கலந்து பதித்துப் பாலிஷ் போடும் புள்ளி புள்ளியான தரையையும் மொசைக் என்றுதான் சொல்கிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. வலையிலோ தாளிலோ ஒட்டி ஷீட்டாக வரும் சின்னச் சின்னச் சில்லுகளை வீட்டுக்குள் சுவரில் ஒட்டுவது பற்றி.

1. எந்தச் சில்லு என்று முடிவு செய்யுங்கள்

முதல் முறை செய்பவருக்கு என் சிபாரிசு, 25 மில்லிமீட்டரோ அதற்குப் பெரியதோ ஆன பீங்கான் சில்லு. மன்னிக்கும் குணம் அதற்கு உண்டு. கண்ணாடி அழகுதான், ஆனால் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். பளிங்கு போன்ற இயற்கைக் கல் கறையை உறிஞ்சும். கிரவுட் (சில்லுகளுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் கலவை) போடுவதற்கு முன்பே சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடிக்க வேண்டும். அமிலம் பட்டால் அரித்துவிடும்.

ஷீட்டின் கட்டமைப்பையும் பாருங்கள். பின்பக்கம் வலை ஒட்டியது ஒரு வகை, முன்பக்கம் தாளோ பிளாஸ்டிக் படலமோ ஒட்டியது இன்னொரு வகை. வலை வகையில் ஒட்டும்போதே சில்லுகளைப் பார்த்துச் சரிசெய்யலாம், அதனால் புதியவருக்கு அதுதான் சுலபம். ஆனால் எல்லா வலையும் ஒன்றல்ல. கடையில் மாதிரிக்கு ஒரு ஷீட் வாங்கி வந்து இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் சில்லுகள் வலையிலிருந்து கழன்று வந்தால் அதைக் குளிக்கும் இடத்தில் ஒட்டாதீர்கள்.

2. அளவு, பில், செலவு

சந்தையில் கிடைக்கும் ஷீட்டுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்கு 30. ஒரு சதுர மீட்டருக்கு 11 ஷீட் சொச்சம் வரும். உதாரணமாக 1.8 சதுர மீட்டர் சுவருக்கு 20 ஷீட். சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 22. சுவரில் மாடம், குழாய்த் துளை, சுவிட்ச் பெட்டி எல்லாம் இருந்தால் 15 சதவீதம் சேருங்கள். நீங்கள் வாங்கும் ஷீட்டை நீங்களே டேப் வைத்து அளந்து கணக்குப் போடுங்கள். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

பில் கையில் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்கு என்பதற்கான எண்) இருக்கிறதா? அந்த எண் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா? பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள்? இதை வாய்ச்சொல்லாக விடாமல் பில்லின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு நான்கு ஷீட் குறைந்து, பத்து நாள் கழித்து அதே கடைக்குப் போனேன். பெயர் அதே பெயர், நிறம் வேறு. கடைக்காரர்மேல் தப்பில்லை, பேட்ச் மாறிவிட்டது.

அடுத்தது கிரவுட். எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். 60 சென்டிமீட்டர் டைல் ஒட்டிய ஒரு சதுர மீட்டரில் இருக்கும் இடுக்குகளின் மொத்த நீளம் மூன்றேகால் மீட்டர் சொச்சம்தான் வரும். 25 மில்லிமீட்டர் சில்லுகளை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டினால், அதே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 74 மீட்டர் நீளத்துக்கு இடுக்கு! 4 மில்லிமீட்டர் கனச் சில்லு என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கிரவுட் போகும். பெரிய டைலுக்கு 100 கிராம் போதும். "ஒரு சின்ன பாக்கெட் போதும் சார்" என்று கடையில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

செலவுப் பட்டியல் எழுதும்போது சில்லின் விலையை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறோம். பசை, பிரைமர் (பிடிமானத்துக்காகச் சுவரில் முதலில் அடிப்பது), நீர்த்தடுப்புப் பூச்சு, கிரவுட், சிலிக்கான், ஓரத்துக்கு உலோகப் பட்டை, பல் கரண்டி, ரப்பர் மட்டப்பலகை, ஸ்பாஞ்ச், வெட்டும் இடுக்கி என்று மீதியும் வரிசையாக வரும். இடம் சின்னதாக இருந்தால் இந்த மீதிச் செலவு சில்லின் விலையையே எட்டிப் பிடிக்கும், ஏனென்றால் கருவிகளைப் பாதி வாங்க முடியாது. தண்ணீர் ஊற்றி அறுக்கும் இயந்திரம் தேவைப்பட்டால் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். சிக்கனம் பிடிக்க வேண்டுமானால் சில்லில் பிடியுங்கள், பசையில் வேண்டாம்.

பசை மூட்டையில் இரண்டு இடத்தைப் படியுங்கள். ஒன்று தயாரிப்புத் தேதி. இன்னொன்று வகை எழுத்து. ‘சி2’ (C2) என்றால் கூடுதல் பிடிமானம் உள்ள சிமெண்ட் பசை. கூடவே ‘டி’ (T) இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காது. ‘இ’ (E) இருந்தால் தடவிய பிறகு ஒட்டுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கிடைக்கும். சுவர் மொசைக்குக்கு மூன்றும் இருந்தால் நல்லது. கண்ணாடிக்கும் வெளிர் கல்லுக்கும் வெள்ளைப் பசைதான். சாம்பல் நிறப் பசை போட்டதால்தான் என் இளநீலம் அப்படி ஆனது. கண்ணாடிக்கு ஏற்றது என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு உளியைத் தொடுங்கள்.

3. சுவர்: பாதி வேலை இங்கேதான்

பெரிய டைல் தன் கனத்தாலும் நீளத்தாலும் சுவரின் சின்ன மேடு பள்ளத்தை மறைத்துவிடும். மொசைக் துணி மாதிரி. சுவர் எப்படி வளைகிறதோ அப்படியே வளையும். அதனால் பசையைத் தடிமனாகப் போட்டு மட்டம் பிடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இரண்டு சோதனை செய்யுங்கள். இரண்டு மீட்டர் நீள நேர்ப்பலகையைச் சுவரில் நெடுக்கு, குறுக்கு, மூலைவிட்டம் என்று வைத்துப் பாருங்கள். அடியில் 2 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்தால் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்புறம் இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் வழவழ என்று இருந்த சுவர், நிழல் விழுந்து கரடுமுரடாகத் தெரியும். என் சுவரில் இரண்டாவது முறை இப்படிப் பார்த்தபோது ஏழு இடத்தில் வட்டம் போட்டேன். மேட்டைத் தேயுங்கள், பள்ளத்தை ரிப்பேர் கலவையால் அடையுங்கள்.

பழைய பெயிண்ட்மேல் ஒட்டாதீர்கள். பசை பெயிண்டைப் பிடிக்கும், பெயிண்ட் சுவரை விட்டுவிடும். சுரண்டி எடுத்து, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது, அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் விடுங்கள். ஜிப்சம் பூச்சாக இருந்தால் அதற்கான பிரைமர் அடிக்காமல் சிமெண்ட் பசையைத் தொடவே விடாதீர்கள். இரண்டும் வினைபுரிந்து பிடிமானம் விட்டுப்போகும். தண்ணீர் நேரடியாகப் படும் இடத்தில் ஜிப்சமே ஆகாது.

4. நீர்த்தடுப்பு

கிரவுட் தண்ணீரைத் தடுக்காது, சில்லுக்கும் அந்தப் பொறுப்பு கிடையாது. குளிக்கும் இடமாக இருந்தால் சுவருக்கே நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும். முதல் கோட் நெடுக்காக, காய்ந்ததும் இரண்டாவது குறுக்காக. மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் அதற்கான துணிப்பட்டையைப் பூச்சுக்குள் பதியுங்கள். தரையும் சேர்த்துச் செய்கிறீர்கள் என்றால், வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். இதைத் தவிர்த்தால் கசிவு தெரிய வருவது கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போதுதான்.

5. ஒட்டாமல் அடுக்கிப் பாருங்கள்

சுவரின் அளவைத் தரையில் வரைந்து ஷீட்டுகளை அடுக்குங்கள். ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக எடுக்காமல், நான்கைந்து பெட்டிகளிலிருந்து கலந்து எடுங்கள். வெட்டுப்பட்ட சில்லு எந்த மூலையில் வருகிறது, கண்ணுக்குப் படாத மூலைக்குத் தள்ள முடியுமா, மாடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருகிறதா என்று இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். அடுக்கியதும் ஷீட்டின் பின்னால் எண் எழுதிவிடுங்கள். மேல் பக்கம் எது என்று அம்புக்குறியும் போடுங்கள்.

சுவரில் தூக்குக்குண்டு விட்டு நடுக்கோடு, ரசமட்டம் வைத்துக் கிடைக்கோடு, பிறகு ஒவ்வொரு ஷீட் அளவுக்கும் ஒரு கோடு. தரை மட்டமாக இருக்கும் என்று நம்பித் தரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கீழ்க்கோட்டில் ஒரு மரச்சட்டத்தை மட்டம் பார்த்து அறைந்து, அதன்மேல் முதல் வரிசையை உட்காரவையுங்கள். நீர்த்தடுப்பு அடித்த சுவராக இருந்தால் ஆணி அடித்து அதை ஓட்டை போட்டுவிடாமல், சட்டத்தைக் கீழிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள்.

ஓரத்துக்கு உலோகப் பட்டை வைப்பதாக இருந்தால் அது சில்லுக்கு முன்பே பசையில் பதிய வேண்டும். முடித்த பிறகு வைக்க வழியில்லை. சுவிட்ச் பெட்டி இருக்கும் சுவராக இருந்தால் மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றுங்கள். சில்லும் பசையும் சேர்ந்து சுவர் கனத்துவிடுவதால் திரும்பப் பூட்ட நீளமான திருகு வேண்டும். இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒட்டும் நாள்

காலையில் ஆரம்பியுங்கள். கையுறை கட்டாயம்; சிமெண்ட் பசை தோலை அரிக்கும்.

வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் பொடி. தண்ணீர் அளவு மூட்டையில் எழுதியிருக்கும். கண்ணளவு வேண்டாம், தராசு வையுங்கள். கட்டியில்லாமல் கலக்கி ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒரு கலக்கு. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இறுகத் தொடங்கினால் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். நஷ்டம்தான். பெயர்ப்பதைவிட மலிவு.

மொசைக்குக்குப் பல் சின்னதாக உள்ள கரண்டி, 4 அல்லது 5 மில்லிமீட்டர். பெரிய டைலுக்கு வைத்திருக்கும் 10 மில்லிமீட்டர் கரண்டியை எடுத்தால் பசை எல்லா இடுக்கிலும் பிதுங்கி வரும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று ஷீட்டுக்கான இடம் மட்டும் தடவுங்கள். முதலில் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் அழுத்திப் பூசி, பல் பக்கத்தால் ஒரே திசையில் கோடு இழுத்து, அப்புறம் தட்டைப் பக்கத்தால் அந்தக் கோடுகளை மெதுவாகப் படியவையுங்கள். பல் தடம் எதற்கு என்றால் கனம் சீராக வருவதற்கு மட்டும்தான். அதைப் படியவைக்காமல் விட்டதால்தான் என் கண்ணாடிக்குப் பின்னால் வரிகள் தெரிந்தன.

ஷீட்டை மேலிருந்து தொங்கவிட்டுக் கோட்டில் பொருத்தி, ரப்பர் மட்டப்பலகையால் சீராக அழுத்துங்கள். முதல் ஷீட்டை உடனே உரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். நனையும் இடத்தில் 95 சதவீதமாவது பசை பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் பசை இருக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் திரும்ப ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இனி அந்தச் சதுரம் தெரியும் பிரச்சினை. ஷீட்டுக்குள் சில்லுக்கும் சில்லுக்கும் இருக்கும் இடைவெளியும், ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் விடும் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கண்ணில் படும். ஸ்பேசர் (இடைவெளி மாறாமல் இருக்க நடுவே செருகும் சின்னத் துண்டு) வைத்தால் மட்டும் போதாது. மூன்று ஷீட் ஒட்டியதும் மூன்றடி பின்னால் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் கோடு ஓடுவது போலத் தெரிகிறதோ அங்கே வலையைப் பிளேடால் கீறி, ஓரச் சில்லுகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்துங்கள். இது பசை ஈரமாக இருக்கும்போதுதான் முடியும். தட்டையான மரக்கட்டையை இரண்டு ஷீட்டும் சேரும் இடத்தின்மேல் குறுக்காக வைத்து லேசாகத் தட்டினால் உயர வித்தியாசமும் போய்விடும்.

பசையை அவ்வப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் மேலே தோல் கட்டிவிட்டது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். இடுக்கில் பிதுங்கியதை அன்றே பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். மறுநாள் உளிதான்.

தாள் முன்பக்கம் இருக்கும் வகையானால், பசை ஓரளவு பிடித்ததும் தாளை ஸ்பாஞ்சால் நன்றாக நனைத்து, ஊறிய பிறகு கீழ்நோக்கிச் சாய்வாக உரியுங்கள். நேராக உங்களை நோக்கி இழுத்தால் சில்லும் வரும்.

வெட்டுவது பயப்படும் அளவுக்கு இல்லை. முழுச் சில்லு வரிசையைக் குறைக்க வலையை வெட்டினால் போதும். சில்லையே வெட்ட, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சக்கரப் பல் வைத்த இடுக்கி. கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி அறுக்கும் இயந்திரம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒரு சில்லைக்கூட நறுக்காதீர்கள்.

7. கிரவுட்

பீங்கானுக்குக் குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாது, பசையின் ஈரம் இடுக்கு வழியாக மட்டும்தான் வெளியேற வேண்டும். அதனால் 48 முதல் 72 மணி நேரம். அவசரப்பட்டால் பின்னால் ஈரத்திட்டு தெரியும்.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்குக்கு மணல் கலக்காத கிரவுட். மணல் கலந்தது கண்ணாடியையும் பளிங்கையும் கீறிவிடும். வெறும் வெள்ளைச் சிமெண்ட் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, சில மாதத்தில் மஞ்சளித்து வெடிக்கும். எபாக்சி கிரவுட்டில் (சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆனது) கறை பிடிக்காது, ஆனால் இறுகிவிட்டால் சில்லின்மேல் இருப்பதை எடுக்க நாள் முழுக்கப் போராட வேண்டும். முதல் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன்.

நிறத்தில் ஒரு தந்திரம்: சில்லின் நிறத்துக்கு நெருங்கிய கிரவுட் உங்கள் தவறுகளை மறைக்கும், எதிர் நிறக் கிரவுட் ஒவ்வொன்றையும் விளக்குப் போட்டுக் காட்டும். மீந்த ஷீட்டில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் நிறமல்ல.

கொஞ்சமாகக் கலக்குங்கள். ரப்பர் மட்டப்பலகையைச் சாய்த்துப் பிடித்து, இடுக்குகளுக்கு மூலைவிட்டமாக அழுத்தித் தேயுங்கள். 15 முதல் 30 நிமிடம் கழித்து, விரல் வைத்தால் பதியாத பதத்துக்கு வந்ததும் ஸ்பாஞ்ச். இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்பாஞ்சை அலசி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து துடையுங்கள். ஈரம் அதிகமானால் இடுக்கிலிருந்து கிரவுட் கரைந்து வரும், நிறமும் திட்டுத்திட்டாக வெளுக்கும். மறுநாள் மேலே படியும் வெள்ளைப் படலத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே போய்விடும். அமிலம் தொடவே வேண்டாம்.

8. மூலைகளுக்குச் சிலிக்கான்

சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் வாஷ்பேசினும் சேரும் இடம், குழாய்த் துளை: இங்கெல்லாம் கிரவுட் போட்டால் வெடிக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறாக அசையும். காலியாக விட்டுவிட்டு, கிரவுட் காய்ந்ததும் சிலிக்கான் போடுங்கள். கல் மொசைக்காக இருந்தால் நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். புளித்த காடி வாடை அடிக்கும் வகை கல்லைக் கறையாக்கும். இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி, சிலிக்கான் இழுத்து, விரலால் ஒரே வீச்சில் தடவி, தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்தால் கோடு சுத்தமாக வரும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

9. நாள் கணக்கு

என் இரண்டாவது முறை இப்படிப் போனது. முதல் நாள் பெயர்த்து, சுரண்டி, ரிப்பேர் கலவையால் பள்ளம் அடைத்தேன். ஐந்தாம் நாள் வரை காய்ச்சல், அதாவது சுவருக்கு. ஆறாம் நாள் பிரைமரும் நீர்த்தடுப்பு இரண்டு கோட்டும். ஏழாம் நாள் தரையில் அடுக்கினேன், கோடு போட்டேன். எட்டாம் நாள் ஒட்டினேன், ஆறு மணி நேரம். ஒன்பதும் பத்தும் சும்மா. பதினொன்றில் கிரவுட். பன்னிரண்டில் சிலிக்கான். இரண்டே வார இறுதிதான் இருக்கிறது என்றால் முதல் வாரம் சுவர், அடுத்த வாரம் ஒட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதையும் கிரவுட்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இந்த நாட்களில் அந்தக் குளியலறை இல்லாமல் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

10. ஆள் வைத்துச் செய்தால்

கொத்தனாரிடம், முன்பு மொசைக் ஷீட் ஒட்டியிருக்கிறாரா, அதைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய டைலில் கைதேர்ந்தவராக இருந்தாலும் இது வேறு வேலை. கூலியைப் பரப்புக் கணக்கில் பேசினால் மாடமும் ஓரமும் தனியா சேர்த்தா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் சுவர் தயாரிப்பு யார் பொறுப்பு, எந்தப் பசை, எந்தக் கிரவுட், எத்தனை நாள் இடைவெளி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசித் தவணையை, கிரவுட் காய்ந்து இரவில் விளக்கு போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.

மீந்த சில்லில் இரண்டு ஷீட்டாவது வைத்திருங்கள். அதே பெட்டியில் பில், பேட்ச் எண் உள்ள அட்டைத் துண்டு, கிரவுட்டின் நிற எண் எழுதிய காகிதம் மூன்றையும் போட்டு டேப் ஒட்டி, பெட்டியின்மேல் எந்தச் சுவர் என்று பெரிதாக எழுதிப் பரணில் வைத்துவிடுங்கள்.